ஏணிக் கைப்பிடியில் கரி

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும்,

அடுத்த வாரம் முதல் நான் இந்தத் தளத்தில் இருக்க மாட்டேன். வடிவமைப்புப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். இனி என் உலைகள் தாளில்தான் கொதிக்கும். பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்ற பிறகு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. காலை நீட்டிக்கொள்ளவும் தெரியவில்லை. இந்தப் பத்தியை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய் உலையின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இன்று அது வெறும் உலை, உள்ளே ஒன்றுமில்லை. இருந்தாலும் போனேன். இந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்தது. அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறவள் நான் என்று உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து ஆரணியில் கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்குக்கூட என்னிடம் பட்டியல் உண்டு. ஷிஃப்ட் தொடங்கும்போது நீங்கள் நிரப்புகிறீர்களே, அந்தத் தாளை முதலில் உருவாக்கியது நான்தான். அப்போது அதில் இருபத்திரண்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சிறிய கட்டம். பார்த்தாயிற்று என்றால் டிக். அவ்வளவுதான். அந்தத் தாளின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

நடந்ததைச் சொல்வதற்கு முன் பவுடரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்ததுதான், ஆனால் தளத்தில் நின்று பார்ப்பது வேறு.

நாம் செய்வது ஒட்டும் டேப்புக்கான பசை. கரைப்பானும் மூலப்பொருளும் உலையில், சுற்றி ஓடும் வெந்நீரால் எழுபது டிகிரிக்கு வந்ததும், குளிர் அறையிலிருந்து எடுத்த அசோ சேர்மத்தைக் கரைத்துச் சேர்க்கிறோம். புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் இருக்கும். இங்கே எல்லாருக்கும் அது பவுடர். அதன் மூலக்கூறின் நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கின்றன. இரு பக்கமும் ஒரே மாதிரியான இரண்டு துண்டுகள். சூடு பட்டால் நடுவில் இருக்கும் இரண்டும் சேர்ந்து வாயுவாகக் கழன்று போய்விடும். மிஞ்சுவது அந்த இரண்டு துண்டுகள், ஆளுக்கு ஓர் எலக்ட்ரான் துணையில்லாமல். பள்ளிப் புத்தகம் அவற்றைத் தனி உறுப்புகள் என்றது. அவற்றால் சும்மா இருக்க முடியாது. எதையாவது பற்றிக்கொண்டே ஆக வேண்டும்.

பற்றிக்கொள்ள மூன்று வழி இருக்கிறது. காலை நேரத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கலிலிருந்து ஒரே வாசல் வழியாக இறங்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கூட்டம் நெருக்குகிறது. பிரிந்து போக நினைத்தாலும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்கிறார்கள். துண்டுகளும் அப்படித்தான். பிறந்த இடத்திலேயே கரைப்பான் மூலக்கூறுகள் சூழ்ந்து நெருக்குவதால், கணிசமான ஜோடிகள் விலகுவதற்கு முன்பே தங்களுக்குள் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டியது செத்த ஜோடி. அதனால் பசைக்குப் பயனில்லை. வெளியேறும் குழாயில் வெள்ளை ஊசிகளாகப் படிகிறதே, அது பெரும்பாலும் அந்த ஜோடிகள்தான். அது விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்த துண்டுகள் மூலப்பொருளைப் பிடித்துச் சங்கிலியைத் தொடங்குகின்றன. அப்போதுதான் உலை தானாகச் சூடேறும். மூன்றாவது வழி, வேறு எதுவோ அவற்றைத் தின்றுவிடுவது.

தின்பதற்கென்றே நாம் ஒன்றை வைத்திருக்கிறோம். உலைக்கு மேலே, ஏணி ஏறினால் எட்டும் உயரத்தில், ஒரு சிறிய தொட்டி. ஸ்டாப்பர் என்கிறோம். உலை கைமீறிப் போனால் வால்வைத் திறக்க வேண்டும். அதிலுள்ள கரைசல் இறங்கித் தனி உறுப்புகளையெல்லாம் பிடித்து அடக்கிவிடும். தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் பத்துக் கோடுகள் உண்டு. பத்தாவது கோடு வரை இருந்தால் நிறைந்திருக்கிறது என்று பொருள். என் தாளில் அது பதினேழாவது வரி. அதன் கட்டத்தில் அன்று காலை ஆறு மணிக்கு நான் டிக் போட்டிருந்தேன்.

ஏணியில் ஏறாமல் போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அது ஒருநாளும் குறைந்ததில்லை. அன்று பஸ்ஸும் தாமதம்.

பவுடர் சேர்த்தது ஒன்பது பத்துக்கு. வழக்கமாக இருபது நிமிடத்தில் வெப்பமானியின் முள் நகரத் தொடங்கும். ஒன்பதரை ஆனது, ஒன்பதே முக்கால் ஆனது. முள் எழுபதிலேயே நின்றது. உலை ஓட்டும் ஏழுமலை அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வருகிறவர். வீட்டில் மற்ற எல்லாரும் ஏரியில் மீன் பிடிக்கப் போகிறார்கள், இவர் மட்டும் தொழிற்பேட்டைக்கு.

“இன்னா மேடம், பாயசம் மாதிரி கம்முனு கீது?”

“தெரியலண்ணா. வெயிட் பண்ணலாம்.”

“வெயிட் பண்ணிக்கினு இருந்தா நாஷ்டா கேண்டீன்ல முடிஞ்சிடும்.”

நான் சிரிக்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு ஷிஃப்ட் பொறுப்பாளர் வரதன் சார் வேகமாக வந்தார். திருவள்ளூர்க்காரர், பொறுமையானவர், ஆனால் அந்த மாதம் அவருக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. முந்தைய மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிர் அறை நின்றுபோய், பவுடர் அங்கேயே கெட்டுவிட்டது. அதைத் தெரியாமல் போட்டதில் உலை இதே மாதிரி அசையாமல் நின்றது. அவர் புதிய பாக்கெட் ஒன்றைச் சேர்த்துக் காப்பாற்றினார். அதற்கு அடுத்த உலை வேறு ஏதோ காரணத்தால் வீணானது. இன்னொன்று வீணானால் அவரைத் தளத்திலிருந்து தூக்கிச் சேமிப்புக் கிடங்கில் போட்டுவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

“பவுடர் செத்திருக்கும்மா. போன தடவ மாதிரியேதான். ஏழுமலை, இன்னொரு பாக்கெட் கொண்டா.”

ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தார். வரதன் சார் தானே போய்ப் பாக்கெட்டை எடுத்து வந்தார்.

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அனுபவம் அப்படித்தான் சொன்னது. ஆனால் எனக்கு ஏதோ உறுத்தியது. ஏனென்று யோசித்துக்கொண்டே கண் ஓடியது. வெளியேறும் குழாயின் முனை எண்ணெய் பாட்டிலில் மூழ்கியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் குமிழி, ஒன்பதே முக்காலுக்கு நான் எண்ணிய அதே வேகத்தில், இன்னும் வந்துகொண்டிருந்தது. நிற்காமல், ஒன்றன்பின் ஒன்றாக.

“சார், ஒரு நிமிஷம். பாட்டிலப் பாருங்க.”

“ஆவிம்மா அது. எப்பவும் வர்றதுதான்.”

“கண்டென்சர்ல தண்ணி சில்லுனு ஓடுது, ஆவி அங்கயே குளிந்து திரும்ப இறங்கிடும், வெளிய வராது. காத்தை வெளிய தள்ள விட்ட நைட்ரஜன் வால்வை மூடி ஒரு மணி நேரம் ஆகுது. சூடும் ஏறல, அதனால விரிஞ்சு வர்ற காத்தும் இல்ல. ஒம்பதே முக்காலுக்கு எண்ணினேன், இப்பவும் எண்ணினேன். நிமிஷத்துக்கு அதே எண்ணிக்கை. பவுடர் உடையுது சார். செத்த பவுடர் மூச்சு விடாது.”

அவர் பாக்கெட்டைக் கீழே வைக்கவில்லை. “சரி, உடையுது. உடைஞ்சதெல்லாம் எங்க போச்சு? அதது ஜோடி சேந்து செத்துடுச்சா?”

“கொஞ்சம் எப்பவும் ஜோடி சேரும். இன்னிக்கு மட்டும் மொத்தமும் சேராது. யாரோ சாப்பிடுறாங்க.”

“நம்ம கேண்டீன்லயே இவ்ளோ வேகமா யாரும் சாப்புடறதில்ல மேடம்” என்றார் ஏழுமலை அண்ணன்.

எங்கள் தொழிலில் மட்டும் நடக்கக்கூடிய தவறு இது. வேறு எங்கும் ஒன்று தொடங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் போடலாம். இங்கே தொடங்காத உலைக்குள் தொடங்குவதற்கான எல்லாமும் முழுதாக இருக்கிறது. மூலப்பொருளில் ஒரு துளிகூடச் செலவாகவில்லை. தின்கிறது தீர்ந்துபோகும் அந்த நிமிடம் மொத்தமும் ஒரே மூச்சில் கிளம்பும். அந்த நேரத்தில் இரண்டு பாக்கெட் உள்ளே இருந்தால் உலையைச் சுற்றி ஓடவிடும் குளிர்நீரால் பிடிக்க முடியாது. கரைப்பான் கொதித்து மேலே வரும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று அது பார்க்காது.

தின்கிறது எது என்று என் மனத்தில் பட்டியல் ஓடியது. காற்று உள்ளே போயிருக்கலாம், ஆனால் நைட்ரஜன் ஓட்டியதை நானே நின்று பார்த்தேன். மூலப்பொருள் மாறியிருக்கலாம், ஆனால் அதே டிரம், அதே எண். உலை கழுவியதில் ஏதாவது மிஞ்சியிருக்கலாம். அப்புறம், ஸ்டாப்பர். பதினேழாவது வரி.

“அண்ணா, மேல ஏறி ஸ்டாப்பர் லெவல் எவ்ளோனு பாருங்க.”

ஏழுமலை அண்ணன் ஏறினார். “நாலு!” என்று மேலிருந்து கத்தினார். “நாலாவது கோட்டுல நிக்குது. வால்வுக்குக் கீழ ஈரமா கீது மேடம். சொட்டுது. இறுக்கி வுட்டேன்.”

பத்தில் ஆறு பங்கு உலைக்குள் போயிருக்கிறது. எனக்குப் பயம் போய் ஒரு வகைச் சந்தோஷம் வந்தது, சொன்னால் நம்ப மாட்டீர்கள். காரணம் கிடைத்துவிட்டது. ஆறு கோடு என்றால் எவ்வளவு மருந்து, எழுபது டிகிரியில் நிமிடத்துக்கு எத்தனை தனி உறுப்பு பிறக்கும், எவ்வளவு செத்த ஜோடியாகப் போகும் என்று தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பேனா ஓடியது.

“பன்னெண்டு நாப்பதுக்கு எல்லாம் தீரும் சார். அப்ப தானா கிளம்பும். பன்னெண்டே காலுக்குக் குளிர்நீரை ரெடி பண்ணி ஆளை நிறுத்தினா ஒரு பாக்கெட்லயே சாதாரணமா ஓடும். உலையும் வீணாகாது.”

வரதன் சார் முகம் மாறியது. முதல் முறையாகப் பாக்கெட்டைப் பக்கத்து டிரம் மேல் வைத்தார். “பொழைக்க வெச்சம்மா” என்றார். அங்கேயே நின்று மேனேஜரைத் தொலைபேசியில் அழைத்து, பன்னிரண்டு நாற்பதுக்குக் கிளம்பிவிடும், லாரியை மாலையில் வரச் சொல்லலாம் என்றார். சிரித்துக்கூடப் பேசினார்.

ஏழுமலை அண்ணன் இறங்கி வந்தார். நேரே குழாயடிக்குப் போகாமல் என்னைத் தூணுக்குப் பின்னால் வரச் சொன்னார். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். கன்னங்கரேல் என்று இருந்தன.

உங்களுக்கே தெரியும், நம்மைச் சுற்றி இரும்பு உருக்கும் ஆலைகள். துணி காயப்போட முடியாது, டிபன் பாக்ஸை மூடாமல் வைக்க முடியாது. தொடாத எதன் மேலும் ஒரு நாளில் கரி படியும்.

“கைப்பிடி பூரா அப்பிக் கெடக்குது மேடம்” என்றார் மெதுவாக. “ஒரு கை பட்ட தடம் இல்ல. மூணு நாலு நாளா யாரும் ஏறல.” கையை மூடிக்கொண்டார். “நான் ஒண்ணும் சொல்லல. நீங்க பாத்துக்கோங்க.” கைகழுவப் போய்விட்டார்.

நான் தூணுக்குப் பின்னாலேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஒரு நிமிடம்கூட இருக்காது. மணி பத்து ஐம்பது.

காலையில் பத்துக் கோடு இருந்தது என்று வைத்துத்தான் கணக்குப் போட்டேன். அது எனக்கு எப்படித் தெரியும்? டிக்கிலிருந்து தெரியும். டிக் எங்கிருந்து வந்தது? என் பேனாவிலிருந்து. வால்வு நேற்றே சொட்டத் தொடங்கியிருக்கலாம். நேற்று உலை கழுவிய கரைப்பானோடு பாதி வெளியே போயிருக்கலாம். அப்படியானால் உள்ளே இருப்பது ஆறு கோட்டு அளவு இல்லை. மூன்று, இரண்டு, ஒன்று, எதுவாகவும் இருக்கலாம். பன்னிரண்டு நாற்பது என்பது நான் கற்பனை செய்த நேரம். நல்ல கையெழுத்தில், இரண்டு கோடு அடிக்கோடிட்டு எழுதிய கற்பனை.

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். அதையும் மறைக்கவில்லை. பதினொன்றரைக்கே ஆட்களை நிறுத்திவிட்டு, “எதுக்கும் இருக்கட்டும் சார்” என்று சமாளிக்கலாம் என்று தோன்றியது. என் டிக்கும் தப்பிக்கும், உலையும் தப்பிக்கலாம். சொன்னாலோ, கோபத்தில் அவர் பாக்கெட்டை மறுபடி கையில் எடுக்கலாம். நான் சொன்ன குமிழிக் கணக்கையும் இனி ஏன் நம்ப வேண்டும் அவர்?

குமிழி வந்துகொண்டே இருந்தது. அதுதான் என்னை நகர்த்தியது. நான் யோசிக்கும் நேரத்திலும் உள்ளே ஸ்டாப்பர் தீர்ந்துகொண்டிருந்தது.

“சார்.”

“சொல்லும்மா.”

“காலைல ஸ்டாப்பர் லெவல் நான் பாக்கல. ஏறாம டிக் போட்டேன்.”

அவர் கையில் இன்னும் போன் இருந்தது. “இப்ப சொல்றியே.”

“ஆமா சார்.”

“அப்ப உன் பன்னெண்டு நாப்பது?”

“அது இல்ல சார். எப்ப கிளம்பும்னு எனக்குத் தெரியாது. இப்பவே கிளம்பலாம்.”

அவர் டிரம் மேலிருந்த பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு என்னை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்து, “இதக் கொண்டு போய்க் குளிர் ரூம்ல வை. ஓடு” என்றார். அடுத்த நொடி குரல் உயர்ந்தது. “ஏழுமலை! வெந்நீரை நிறுத்து, குளிர்நீரை ஃபுல்லா தொற! லோடிங் ஆளுங்க எல்லாரையும் கேட்டாண்ட போகச் சொல்லு!”

“லாரி சார்?”

“லாரி கெடக்குதுப்பா!”

நான் திரும்பி வந்தபோது முள் இறங்கிக்கொண்டிருந்தது. அறுபத்தெட்டு. அறுபத்தைந்து. அறுபத்து மூன்று. மொத்தமாக ஆறவைத்துவிட்டால் பிறகு நிதானமாக யோசிக்கலாம், பசையைக்கூடக் காப்பாற்றலாம் என்று வரதன் சார் நினைத்திருப்பார். நானும் நினைத்தேன். அறுபத்தொன்று.

அறுபத்தொன்று.

அறுபத்தொன்று.

குளிர்நீர் முழுதாக ஓடிக்கொண்டிருந்தது. முள் இறங்கவில்லை. பிறகு ஏறத் தொடங்கியது. அறுபத்திரண்டு, அறுபத்து நான்கு. மணி பதினொன்று பத்து. என் கணக்குப்படி இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

வரதன் சார் ஏணியில் ஏறினார். ஸ்டாப்பரில் மிச்சமிருந்த நாலு கோட்டையும் உலைக்குள் திறந்துவிட்டார். அந்தப் பசை இனி எதற்கும் ஆகாது. அது தெரிந்தேதான் திறந்தார். அறுபத்தாறில் முள் நின்றது. நின்றே இருந்தது. பிறகு, யாரோ பிடித்துக் கீழே அழுத்துவது போல, இறங்கத் தொடங்கியது.

ஏழுமலை அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். “பேஜாரு புடிச்ச உலை.” தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எழுபது டிகிரியில், வெந்நீர் ஓடிக்கொண்டிருக்க, ஆள் நிறுத்தாமல், என் அடிக்கோட்டை நம்பிக்கொண்டு நாங்கள் மூவரும் கேண்டீனில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லோடிங் ஆட்கள் ஐந்து பேர் உலைக்குப் பக்கத்தில்தான் டிரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பாக்கெட்டும் உள்ளே இருந்திருந்தால்? இதற்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. போட முடியும். போடவில்லை.

மதியம் வரதன் சார் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். “நீயே எழுது.” எழுதினேன்: காலை ஆறு மணிக்கு ஸ்டாப்பர் அளவைப் பார்க்காமல் பார்த்ததாகக் குறித்தேன், அதை வைத்துத் தவறான நேரத்தைச் சொன்னேன். அவர் வாங்கிப் படித்தார். கையெழுத்துப் போடுவார் என்று பார்த்தால், பேனாவை எடுத்துக் கீழே இன்னொரு வரி எழுதினார்: காரணம் தெரியாமலே இரண்டாவது பாக்கெட்டைச் சேர்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. ஏழுமலை அண்ணன் எட்டிப் பார்த்து, “ரெண்டு பேரும் சேந்து போயிட்டா உலைய நான் ஒண்டியாவா ஓட்டறது?” என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வரதன் சாரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பார்க்கும்போதெல்லாம் நன்றாகவே பேசுவார். எனக்குத்தான் அவரைப் பார்த்தால் வேறு பக்கம் போகத் தோன்றும், போனதில்லை.

அன்று மாலையே தாளை மாற்றினேன். பதினேழாவது வரியில் இருந்த கட்டத்தை எடுத்துவிட்டு, எண் எழுத ஒரு கோடு போட்டேன். மேலே ஏறிப் பார்த்தால்தான் எண் தெரியும், எண் தெரிந்தால்தான் எழுத முடியும் என்று நினைத்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம் இதுதான் என்றும், இதோடு முடித்துவிடலாம் என்றும் சென்ற வாரம் வரை நினைத்திருந்தேன்.

சென்ற வியாழக்கிழமை உங்கள் தாள்களைப் புரட்டினேன். பதினேழாவது வரியில் பத்து. அடுத்த நாளும் பத்து. பன்னிரண்டு நாளும், மூன்று ஷிஃப்டும், மூன்று வேறு கையெழுத்திலும் பத்து.

தப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் உட்கார முடியவில்லை. போய் ஏணியில் ஏறிப் பார்த்தேன். கண்ணாடியில் கரைசல் பத்தாவது கோட்டில், சரியாக நின்றுகொண்டிருந்தது. நீங்கள் எழுதியது சரிதான்.

இறங்கி வந்து உள்ளங்கைகளைப் பார்த்தேன். கன்னங்கரேல் என்று இருந்தன.